இரண்டு வெளுப்புக்குப் பிறகு

போர்வை வாங்குவதற்காகச் சென்னிமலைக்குப் போனவன், போர்வையோடு ஒரு விவாதத்தையும் வாங்கிக் கொண்டு திரும்பினேன். விஷயம் உங்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான், நேயர்களே! கேளுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு நெசவாளர் வீடு. உள்ளே மகன் தறியில் உட்கார்ந்திருந்தார். 'தடக், தடக்' என்று நாடா ஓடிக் கொண்டிருந்தது. கூடத்தில் எழுபது வயதுப் பாட்டி ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தார். எதிரே டெலிவிஷனில் ஒரு மாமியார் மருமகளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த ஓர் அறையை மூன்று பக்கமிருந்து மூன்று தடவை காட்டினார்கள்!

பட்டணத்து மேதாவித்தனம் சும்மா இருக்குமா? "இதையெல்லாம் எப்படியம்மா பார்க்கிறீர்கள்? அந்தக் காலத்து நாடகங்களின் தரம் எங்கே, இது எங்கே?" என்று ஆரம்பித்தேன்.

பாட்டி தலை நிமிரவில்லை.

"நான் எங்கீங் தம்பி பாக்கறேன்? கேக்கறேனுங்க. கண்ணு நூல்லதான் இருக்குது. நூல் அந்து போச்சுன்னா முடி போடோணும். அதுக்குள்ள ரண்டு பேச்சு போயிரும். மூணு தடவை சொன்னா ஒரு தடவையாச்சும் காதுல உளுகுமுங்க."

எனக்கு வாயடைத்து விட்டது. இழுத்தடிப்பு என்று நாம் கேலி செய்கிறோமே, அது கையில் வேலை இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இருக்கட்டும். 'அந்தக் காலம்' என்றேனே, அது எந்தக் காலம்?

சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஆரம்பமானது 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி. நாடகம் என்றால் வாரத்துக்கு ஒரு நாள்; பெரும்பாலும் பதின்மூன்று வாரத்தில் மங்களம் பாடி விடுவார்கள். நாட்டையே கட்டிப் போட்ட தொடர்கள் டில்லியிலிருந்து இந்தியில் வந்தன. 1984இல் 'ஹம் லோக்'; 1987இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் 'ராமாயணம்'.

"இந்தி புரிந்ததா, அம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துத் தெரியாதுங்க. வீதிக்கே ஒரு டிவிதான். அத்தனை சனமும் அங்கதான் இருக்கும். ராமன் காட்டுக்குப் போறதுக்குப் பாஷை எதுக்குங்க?"

1990களின் தொடக்கத்தில் கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' தந்தார். 1993இல் சன் டிவி வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா டைரக்ட் செய்த 'மர்மதேசம்', வாரம் ஒரு நாள் வந்தே ஊரை நடுங்க வைத்தது. 'விடாது கருப்பு' பார்த்த பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போகத் துணை தேடினார்கள்.

பிறகு வந்தாள் 'சித்தி'! 1999 டிசம்பர் முதல் இரவு ஒன்பதரை மணி ராதிகாவுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டது. நாடகம் தினசரிப் பழக்கமாயிற்று. 2002இல் ஆரம்பித்த 'மெட்டி ஒலி' எண்ணூறு பாகங்களைத் தாண்டியது; 2003இல் ஆரம்பித்த 'கோலங்கள்' ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. பதின்மூன்று வாரக்காரருக்கு முடிவு எப்போது என்பது முதல் நாளே தெரியும். தினசரித் தொடருக்கோ, விளம்பரம் வருகிற வரையில் முடிவு வராது. கதாநாயகி பாவம், எத்தனை தடவைதான் கடத்தப்படுவாள்!

அப்படியானால் பழையதெல்லாம் தரம், பெயர் எடுத்ததெல்லாம் மட்டமா? அதுவும் இல்லை. பதின்மூன்று வாரத்தில் முடிந்த அசட்டு நாடகங்களும் ஏராளம். நாம் அவற்றை மறந்து விட்டோம், அவ்வளவுதான். 'மெட்டி ஒலி'யையோ ஊரே பார்த்தது. ஏன் பார்த்தது? பாட்டியே சொல்லட்டும்.

"அஞ்சு பொண்ணைக் கட்டிக் குடுத்த அப்பன் கதைங்க அது. எனக்கு மூணு பொண்ணு. சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால அந்த மனுசன் நிக்கறதைப் பாத்தா எங்க ஊட்டுக்காரரு நின்ன மாதிரியே இருக்கும். இப்ப வர்றதுல படுக்கறப்பவும் பட்டுச்சேலைங்க! யாராச்சும் காசை எண்ணிச் செலவு பண்றாங்களா, பாருங்க."

"அப்படியென்றால் இந்தக் காலத்தில் நல்லதே இல்லையா?"

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. காப்பித் தம்ளரோடு நின்ற மருமகள், "'எதிர்நீச்சல்' இருந்துச்சுங்களே, அண்ணா" என்றார்.

உண்மைதான். 2022 முதல் 2024 வரை வந்த தொடர் அது. படித்த பெண்கள் வாழ்க்கைப்பட்டு வந்து, ஆதி குணசேகரன் என்கிற மூத்தாரின் அதட்டலில் அடுப்படியோடு முடங்கிய கதை. அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, வில்லனுக்காக வீடுகள் கண்கலங்கின.

"நான் பி.காம். படிச்சிருக்கேனுங்க" என்றார் அந்தப் பெண். "அந்த நாடகம் ஓடறப்ப மட்டும் அவரு சத்தத்தைக் கம்மி பண்ணச் சொல்லுவாருங்க."

சிரித்துக் கொண்டேதான் சொன்னார். பாட்டி சிரிக்கவில்லை. உள்ளே தறிச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தது. நான் காப்பியைக் குடிப்பதில் கவனமானேன்.

புறப்படும்போது போர்வையைத் தடவிப் பார்த்து, "நல்ல தரம்தானே, அம்மா?" என்றேன்.

"இப்பவே எப்படீங் தம்பி தெரியும்? ரண்டு வெளுப்புப் போட்டுட்டுப் பாருங்க. சாயம் நின்னுச்சுன்னா நல்ல போர்வை."

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை மனத்தை விட்டுப் போகவில்லை. நம்முடைய பத்திரிகை உலகிலும் அதுதானே வழக்கம்? தொடர்கதைகளை ஊரே படித்தது. ஆனால் எல்லாவற்றையுமா பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள்? 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பைண்டு புத்தகமாகக் கிடந்தது! முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் படிப்பதற்காகத்தானே?

டெலிவிஷனுக்கும் அப்படி ஒரு வெளுப்பு வந்தது. 2020இல் ஊரடங்கின்போது படப்பிடிப்புகள் நின்றன. தூர்தர்ஷன் 'ராமாயண'த்தையும், சன் டிவி 'மெட்டி ஒலி'யையும் மறுபடி ஒளிபரப்பின. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கண்ணீர் என்பதெல்லாம் தெரிந்தே ஜனங்கள் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்து என்ன என்கிற ஆவலில் முதல் தடவை எதையும் பார்த்து விடலாம். இரண்டாம் தடவை பார்க்க வைப்பது, அந்த மனிதர்களோடு இன்னொரு முறை இருக்க வேண்டும் என்கிற ஆசை ஒன்றுதான். அதைப் பார்வையாளர் கணக்கு வாரா வாரம் சொல்லி விடாது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், நேயர்களே? உங்கள் வீட்டில் பைண்டு செய்து வைக்கத் தகுந்த நாடகம் எது? ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். 'எதிர்நீச்சல்' என்று எழுதுகிறவர்கள், அப்போது வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

போர்வையா? ஒரு வெளுப்பு ஆகியிருக்கிறது. சாயம் இதுவரை நிற்கிறது.