எமானுவேலா வழக்கில் தெரிந்தது எவ்வளவு?

வாடிகனில் வசித்த எமானுவேலா ஓர்லாண்டி என்ற 15 வயதுச் சிறுமி 1983 ஜூன் 22 அன்று ரோம் நகரில் காணாமல் போனாள். இன்றுவரை ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிப் படிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கதைகளின் நெரிசல்தான். போப்பைச் சுட்டவன், ரோம் தாதாக்கள், திவாலான வங்கி, கல்லறை எலும்புகள் என்று எல்லாம் வருகின்றன. கதைகளை ஒதுக்கிவிட்டு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எடுத்தால், அது ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும்.

எமானுவேலாவின் தந்தை போப் இல்லத்து நிர்வாகத்தில் கடைநிலை ஊழியர். அன்று மாலை அவள் புல்லாங்குழல் வகுப்புக்காக சாந்த் அப்போலினாரே தேவாலயத்தை ஒட்டிய இசைப்பள்ளிக்குப் போனாள். ஏழு மணியளவில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். அழகுசாதனப் பொருள் நிறுவனம் ஒன்றுக்காக ஒரு நாள் வேலை செய்தால் நல்ல பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று அக்காவிடம் சொன்னாள். அதன்பின் பேருந்து நிறுத்தத்தில் உடன் படித்தவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான். அந்த 'ஒருவர்' யார் என்பது நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிரூபணமாகவில்லை.

அடுத்து வந்ததை நாள் வரிசைப்படி பார்க்க வேண்டும்; குழப்பத்தில் பாதி அந்த வரிசையை மறந்ததால் வந்தது. முதல் நாட்களில் போலீஸ், வீட்டை விட்டு ஓடிப்போன பெண்ணாக இருக்கலாம் என்றே நினைத்தது. ஜூலை 3 அன்று போப் இரண்டாம் ஜான் பால், ஞாயிறு ஜெபத்தின்போது, இதற்குப் பொறுப்பானவர்கள் மனிதாபிமானம் காட்ட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். கடத்தல் என்ற எண்ணம் ஊரறியப் பேசப்பட்டது அப்போதுதான். இரண்டே நாளில் தொலைபேசி மிரட்டல் வந்தது. 1981 மே மாதம் போப்பைச் சுட்ட மெஹ்மத் அலி அக்சாவை விடுதலை செய்தால் பெண்ணை விடுவோம் என்றார்கள். பேசியவனின் உச்சரிப்பை வைத்து 'அமெரிக்கன்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின.

அந்த விடுதலையைக் கேட்டவர்கள் அவளுடைய இசைப்பள்ளி அட்டையின் நகலைக் காட்டினார்கள். அவளோ அவளுடைய உடைமைகளோ யாரோ ஒருவர் கைக்குப் போயிருந்தன என்பதற்கு அது சான்றாகலாம். அன்றைய தேதியில் அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கு அது சான்றாகாது. போப்பின் பேச்சுக்குப் பிறகு இந்தக் கோரிக்கை எழுந்திருப்பதால், கடத்தியவர்களே கேட்டார்களா, நடந்த கொடுமையைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கேட்டார்களா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. போப்பின் நோக்கத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வாய் திறந்ததும் வழக்கின் பாதை மாறியது உண்மை.

இனி கல்லறைகளுக்கு வருவோம். ரோம் தாதாக்களின் மாலியானா கும்பலின் தலைவர்களில் ஒருவனான என்ரிகோ தெ பெதிஸ் 1990இல் சுட்டுக் கொல்லப்பட்டான். பிறகு அவன் உடல் அதே சாந்த் அப்போலினாரே தேவாலயத்தில், கர்தினால் போலெத்தியின் அனுமதியோடு அடக்கம் செய்யப்பட்டது. 2005இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பெயர் சொல்லாத ஒருவர் பேசி, எமானுவேலா வழக்குக்கு விடை வேண்டுமானால் அங்கே புதைந்திருப்பவர் யாரென்று பாருங்கள் என்றார். 2012இல் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது தெ பெதிஸின் உடல்தான். அருகில் கிடைத்தவை பழைய எலும்புகள். ஒரு தாதாவுக்குத் தேவாலயத்தில் இடம் கிடைத்தது எப்படி என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது வேறு கேள்வி. அதன் விடை எமானுவேலாவின் கதியைச் சொல்லிவிடாது. அதேபோல, கல்லறையில் அவள் இல்லை என்பதால் அந்தக் கும்பலுக்குத் தொடர்பே இல்லை என்றும் ஆகிவிடாது.

2018இல் ரோமில் உள்ள வாடிகன் தூதரக வளாகத்தில் எலும்புகள் கிடைத்தபோது செய்தித்தாள்கள் அவள் படத்தைத்தான் போட்டன. ஆய்வில் அவை பழங்கால ரோமானிய ஆண் ஒருவருடையவை என்று தெரிந்தது. குடும்பத்தின் வழக்கறிஞருக்கு வந்த மொட்டைக் கடிதத்தை நம்பி, 2019இல் வாடிகனின் தியூத்தோனிக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு இளவரசிகளின் கல்லறைகளைத் திறந்தார்கள். எமானுவேலாவும் இல்லை, இளவரசிகளும் இல்லை! பக்கத்தில் கண்டெடுத்த எலும்புகள் எதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதல்ல என்றார்கள். இப்படிப்பட்ட சோதனை ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பட்டியலிலிருந்து அடிக்கும். அதற்கு மேல் எதுவும் சொல்லாது. செய்தித் தலைப்புகளோ ஒவ்வொரு முறையும் 'மர்மம் நீடிக்கிறது' என்று எழுதி, அடிபட்ட இடத்தையும் மர்மக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன.

இத்தனை ஆண்டுகள் இழுத்ததற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. 1929 லாதரன் உடன்படிக்கையின்படி வாடிகன் தனி நாடு. அவள் மறைந்த தெரு இத்தாலியில் இருக்கிறது. வீடு வேறொரு நாட்டில். இத்தாலிய நீதிபதி வாடிகன் அதிகாரியை நேரே அழைத்து விசாரிக்க முடியாது. வெளிநாட்டிடம் கேட்பதுபோல விண்ணப்பக் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் எவ்வளவு வருகிறது என்பது அந்த நாட்டின் மனதைப் பொறுத்தது. அவள் மறைவு குறித்து வாடிகன் தன் சார்பில் விசாரணை தொடங்கியது 2023 ஜனவரியில்தான். இந்தத் தாமதத்தைக் குற்றத்தின் ஒப்புதலாக நான் படிக்கவில்லை. ஆனால் வதந்திக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது.

அதே 2023இல் ரோம் அரசு வழக்கறிஞர்கள் கோப்பை மீண்டும் திறந்தார்கள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து விசாரணைக் குழு அமைக்க ஒப்புதல் கொடுத்தன. இத்தாலிய அரசியல் சாசனம் இத்தகைய குழுவுக்கு நீதிமன்றத்துக்கு நிகரான அதிகாரம் தருகிறது. சாட்சிகளை வரவழைக்கலாம், அரசுக் கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். வாடிகன் மதிலுக்குள் மட்டும் அந்த அதிகாரம் செல்லாது.

குழுவின் முன் இருப்பது எமானுவேலாவின் கோப்பு மட்டுமல்ல. அவள் மறைவதற்கு ஆறரை வாரம் முன்னால், 1983 மே 7 அன்று, அதே ரோமில் அதே வயதுள்ள மிரெல்லா கிரெகோரி, வாசல் மணியடித்துப் பேசிய யாரையோ பார்க்கக் கீழே இறங்கிப் போனவள் திரும்பவில்லை. இரண்டும் ஒரே கையின் வேலை என்பதற்கு நிரூபணம் இல்லை. மிரெல்லாவின் தந்தை ஒரு காப்பிக்கடைக்காரர். அவளைத் தேடி யாரும் கல்லறை திறக்கவில்லை.