சிதைவு வேறு, முறிவு வேறு

இயற்பியல் மாணவர் ஒருவர், மின்மாற்றி எண்ணெய் வெப்பத்தால் கெடுவதைக் கணித மாதிரி கொண்டு விளக்கும் கட்டுரையொன்றைத் தமிழில் எழுதி, திருத்தித் தருமாறு நம்மிடம் கொடுத்தார். வல்லெழுத்து மிகும் இடங்களைச் செம்மைப்படுத்தி, மனநிறைவோடு திருப்பித் தந்தோம். இயற்பியல் துறை நண்பர் அதனைப் படித்துவிட்டு, "ஐயா, ஒற்றுப்பிழை ஒன்றுமில்லை, பொருள்தான் பிழைத்துவிட்டது" என்றார். ஆங்கிலத்தில் 'பிரேக்டவுன்' என வந்த இடமெல்லாம் 'முறிவு' என்று நின்றதே காரணம்.

மின்மாற்றியின் சுருள்களைக் குளிர்வித்தும், அவற்றிடையே மின்சாரம் பாயாது தடுத்தும் நிற்பது கனிம எண்ணெய். அதற்கு இருவகைக் கேடுகள் உண்டு. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு மின்முனைகளை எண்ணெயில் அமிழ்த்தி மின்னழுத்தத்தை உயர்த்தினால், ஒரு கட்டத்தில் பொறி பாய்கிறது. இது மின்முறிவு. ஈரமும் நுண்துகளும் இதற்குத் துணைபோகின்றன. மற்றொன்று, உள்ளே ஓரிடம் மிகச் சூடேறும்போது எண்ணெயின் மூலக்கூறுகளே அறுபட்டு வாயுக்களாதல். இது வெப்பச் சிதைவு. சிதையும் எண்ணெய் தான் பட்ட சூட்டைத் தானே சொல்லிவிடுகிறது என்பதுதான் இதில் வியப்பு. சில நூறு பாகைச் சூட்டில் மீத்தேனும் ஈத்தேனும், 700 பாகை செல்சியஸை ஒட்டியும் கடந்தும் எத்திலீனும், மின்வில் தோன்றும் கடுஞ்சூட்டில் அசிட்டிலீனும் மிகுகின்றன. 1973இல் ஹால்ஸ்டெட் இவ்வரிசையை வெப்ப இயக்கவியல் சமநிலைக் கணக்கால் விளக்கினார். உண்மை எண்ணெயோ சமநிலை எய்தும்வரை காத்திருப்பதில்லை. சூடான இடத்தைத் தொட்டு, நகர்ந்து, குளிர்ந்துவிடுகிறது. ஆதலின் அம்மாதிரி திசையைக் காட்டுமேயன்றி அளவை அறுதியிடாது.

ஈரமற்ற எண்ணெய் முறிவுச் சோதனையில் நன்கு தேறிவிடக்கூடும். அதே எண்ணெயில் கரைந்துள்ள எத்திலீனோ, உள்ளே தளர்ந்து சூடேறும் இணைப்பொன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டால், 'முறிவு இல்லை' என்னும் வரியைப் படிப்பவர் மின்மாற்றி நலமாயுள்ளதென்றே நம்புவார்.

'ஆங்கிலச் சொல் ஒன்றாயின் தமிழ்ச் சொல்லும் ஒன்றாதல் வேண்டும்' என நாமும் வகுப்பில் வலியுறுத்தியவர்களே. அவ்விதி இங்குப் பொருந்தாது என்பதே இப்போது நம் கருத்து. பானை உடைகிறது, கிளை முறிகிறது, கயிறு இற்றுப்போகிறது, பால் திரிகிறது. கேடு ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கும் மொழி இது. தமிழ்த்துறையினர் சொற்பட்டியலைக் கையிலெடுக்குமுன் ஆய்வகத்துள் ஒருமுறை நுழைந்து பார்த்தல் நலம். (நாம் நுழைந்தபோது முதலில் அறிந்தது எண்ணெயின் நாற்றத்தைத்தான்.) அக்கட்டுரை எட்டு இடங்களில் 'சிதைவு' என்றும், இரண்டு இடங்களில் 'மின்முறிவு' என்றும் திருத்தப்பெற்று, மீண்டும் மாணவரிடம் சென்றுள்ளது.