ஆடி மாதத்திலும் இலை போக வேண்டும்

வாழை இலைக்கென்றே தோட்டம் போடும் விவசாயிக்கு ஆடியும் மார்கழியும் வயிற்றில் புளியைக் கரைக்கும் மாதங்கள். முகூர்த்தம் இல்லை, ஆகவே பந்தி இல்லை, பந்தி இல்லையேல் இலைக்குக் கிராக்கியும் இல்லை. வைகாசியில் நல்ல விலைக்குப் போன அதே கட்டு, ஆடியில் அறுப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுபடியாவதில்லை. நெல்லாக இருந்தால் சேர்த்து வைக்கலாம். இலை இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அறுக்காமல் மரத்திலேயே விட்டாலோ, ஆடிக்காற்று நார் நாராகக் கிழித்துவிடும்.

2020 மார்ச்சில் வந்த ஊரடங்கின்போது இந்த ஆடி பல மாதங்கள் நீடித்தது. விளைபொருள் வண்டிகளுக்குத் தடை இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது உண்மையே. ஆனால், வண்டி போய்ச் சேரும் இடத்தில் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஓட்டல்களில் பார்சல் மட்டும்தான். பாதை திறந்திருந்து என்ன பயன்?

அரசாங்கம் இலை விவசாயிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களில் தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை உண்டு. மூன்றும் இலையின் இடத்தைப் பிடித்தவையே. நல்ல உத்தரவுதான். ஆயினும், வாழை இலை போலவே பச்சை வர்ணத்தில் அச்சடித்த தாள் கடைத்தெருவை விட்டு இன்னும் போகவில்லை. தவிர, தடையினால் முகூர்த்த மாதத்து விற்பனை கூடலாமேயன்றி, ஆடியில் பந்தி கூடாது.

ஆடியிலும் பந்தி நடக்கும் இடம் ஒன்று உண்டு. 2002-இல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டம் முகூர்த்தம் பார்ப்பதில்லை. இத்தகைய இடங்களுக்கு வேண்டிய இலையை மண்டியில் அன்றன்று வாங்காமல், அருகிலுள்ள உழவர் குழுக்களிடம் வருஷம் முழுவதற்கும் ஒரே விலை பேசி வாங்குவதே அரசாங்கம் செய்யக்கூடிய பெரிய உதவி. எவர்சில்வர் தட்டைக் கழுவி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்திற்கு அது சரி. நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் பந்திக்கு இலையே சுலபம். கழுவத் தண்ணீர் வேண்டாம், சாப்பிட்ட பின் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போய்ச் சேரும்.

அந்த விலையைச் சித்திரையிலேயே சொல்லிவிட வேண்டும். காரணம் இருக்கிறது. பூவன் போன்ற ரகத்தில் இலையும் அறுக்கலாம், தாரும் எடுக்கலாம். ஆனால் ஒரே மரத்தில் இரண்டையும் முழுமையாகப் பெற இயலாது. குலை தள்ளும் சமயம் எட்டுப் பத்து இலையாவது நின்றால்தான் காய் திரளும். ஆடியில் விலை இறங்கிய பிறகு அறுப்பை நிறுத்துவதால், அதுவரை மொட்டையாக நின்ற மரம் உடனே நல்ல தார் போட்டுவிடாது. எந்தப் பாத்தி இலைக்கு, எது தாருக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். எவ்வளவு இலை என்ன விலைக்கு நிச்சயமாகப் போகும் என்று தெரியாமல் அதை எப்படிப் பிரிப்பது?

பயிர்க் காப்பீடு விளைச்சல் இழப்பைத்தான் கணக்கில் எடுக்கும். விலை வீழ்ச்சியை அல்ல.

அரசாங்க உத்தரவு வரட்டும் என்று குழுக்களும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு எத்தனை இலை, எந்த அளவில், எத்தனை மாதம் தரமுடியும் என்று எழுதி எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கோயில் செயல் அலுவலரை இப்போதே பார்க்கலாம்.