வரி கட்டாதவர் யார்?

"ஏழைகளாகிய எங்களுக்கும் வரிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. வருமான வரி அலுவலகத்தின் வாயிலை அவர்கள் மிதித்ததில்லை என்பது மெய்யே. ஆயினும், வரி கட்டாத குடும்பம் இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அது எவ்வாறு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

வரிகள் இருவகைப்படும். ஒருவருடைய வருமானத்தின் மீது விதிக்கப்பட்டு, அவராலேயே செலுத்தப்படுவது நேர்முக வரி. பொருளின் விலையோடு கலந்து வந்து, வணிகர் வாயிலாக அரசைச் சென்றடைவது மறைமுக வரி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு, சேவை வரி இவ்வகையைச் சார்ந்தது. அதை அரசிடம் ஒப்படைப்பவர் கடைக்காரர்; அதன் சுமையைத் தாங்குபவரோ பொருளை வாங்கும் நாம்.

நேர்முக வரி ஆளின் நிலையைப் பார்க்கும். 2025-26 நிதியாண்டுக்குரிய புதிய வரிமுறையின்படி, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஊதியம் பெறுபவர் வருமான வரி செலுத்த வேண்டுவதில்லை. 18 லட்சம் பெறுபவரோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம் செலுத்துகிறார். வருமானம் உயர உயர வரியின் விழுக்காடும் உயர்கிறது.

மறைமுக வரி ஆளைப் பாராது; பொருளை மட்டுமே பார்க்கும். பிள்ளையின் படிப்புக்காக 10,000 ரூபாய் மதிப்புள்ள கைபேசி ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். 18 விழுக்காடு வரியாக 1,800 ரூபாய் சேர்கிறது. மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் தந்தைக்கு அது அம்மாத வருவாயில் 12 விழுக்காடு. 1,50,000 ஈட்டுபவருக்கு 1.2 விழுக்காடே. தொகை ஒன்றுதான், பாரம் பத்து மடங்கு. மேலும், வசதியுள்ளவர் தம் வருவாயில் ஒரு பகுதியைச் சேமிக்கிறார். சேமித்த பணத்தின் மீது இவ்வரி விழுவதில்லை. ஏழையோ ஈட்டியது அனைத்தையும் கடையிலேயே செலவிட்டாக வேண்டும்.

இது புதிய வழக்கன்று. 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி வேதாரண்யத்திற்கும் நடந்தது உப்பு வரியை எதிர்த்தே. கூலியாளுக்கும் சீமானுக்கும் உப்பு ஏறத்தாழ ஒரே அளவுதான் தேவை. ஆகவே அவ்வரி ஏழையையே அதிகம் வருத்தியது. இன்று உப்புக்குச் சரக்கு, சேவை வரி இல்லை.

மறைமுக வரி முழுவதும் தீயது என்று நாம் கூறவில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நியாயவிலைக் கடைக்கும் பணம் வேண்டும். இவ்வரியைத் திரட்டுவதும் எளிது. எப்பொருளுக்கு எவ்வளவு என்பதில்தான் நீதி அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி 18-இலிருந்து 5 விழுக்காடாகவும், சிமெண்டின் வரி 28-இலிருந்து 18 ஆகவும் குறைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பெட்ரோலும் டீசலும் இம்முறைக்கு வெளியே நின்று, மத்திய, மாநில அரசுகளின் தனி வரிகளைச் சுமக்கின்றன. லாரியில் வந்திறங்கும் காய்கறியின் விலையிலும் அச்சுமை மறைந்திருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை யாவை? பொருள் வாங்கும்போது பில் கேட்டுப் பெறுவோம். பில் இல்லையேல், நாம் கொடுத்த வரி கருவூலத்தைச் சேராமலே போகக்கூடும். வருமானத்தை மறைக்காது கணக்குக் காட்டுவோம். வசதியுள்ளவர் மறைக்கும் ஒவ்வொரு ரூபாயும், பொருள் மீதான வரியாக ஏழையின் தலையிலேயே விடியும். வீட்டுப் பிள்ளைகளை அமர்த்தி, ஒரு மாதப் பில்களில் உள்ள வரியைக் கூட்டிப் பார்க்கச் சொல்வோம்.

அவ்வாறு கூட்டிப் பார்க்கும் குடும்பம், "எங்களுக்கும் வரிக்கும் என்ன தொடர்பு?" என்று இனிக் கேளாது. தெருவிளக்கு எரியாதபோதும், மருத்துவமனையில் மருந்து இல்லாதபோதும், "எங்கள் வரிப்பணம் எங்கே?" என்று தலைநிமிர்ந்து கேட்கும். அவ்வுரிமை வருமான வரி செலுத்துவோர்க்கு மட்டும் உரியதன்று. தீப்பெட்டி வாங்கும் தாய்க்கும் உரியது.