நித்திரைக் குளிசையும் விளங்காத துண்டும்

அண்மையில் ஜெயபுரத்துக்குப் போயிருந்தேன். பூநகரிப் பிரதேசத்தில் உள்ள அவ்வூரை விட்டு 2008 இல் ஓடி, முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மகனைத் தொலைத்துத் திரும்பிய முதிய தாயொருவர் கடதாசி உறையொன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள்தானே. இது என்ன குளிசையெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

உறையில் ஆங்கிலக் கிறுக்கல். 'டயசிபாம் 5 மி.கி., இரவு ஒன்று' என்று ஒருவாறு வாசித்தேன். "நாலைஞ்சு வருசமாப் போடுறன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. விடியப்புறம் கிணத்தடியில ரெண்டுதரம் விழுந்திட்டன்" என்றார்.

அவரிடம் எவரும் சொல்லாதவை எவை?

1963 இல் 'வேலியம்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த மருந்து இது. மூளையின் பரபரப்பை அடக்கும் 'காபா' என்ற இரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. உட்கொண்டதிற் பாதி உடலை விட்டு நீங்கவே 20 முதல் 50 மணித்தியாலங்கள் செல்லலாம். முதியவர்களில் இன்னும் கூடும். இரவுதோறும் போட்டால் உடலில் சேரும். அதிகாலைத் தள்ளாட்டத்துக்கு இதுவும் காரணமாகலாம். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இவ்வகை மருந்துகளுக்கு அடிமையாகும் ஆபத்தை மருந்துத் தகவற் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையாகச் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 இல் பணித்தது.

போர் போன்ற கொடும் நிகழ்வுக்குப் பிந்திய முதல் மாதத்தில் நித்திரையின்மைக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாதென 2013 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை குளிசையன்று, நித்திரைப் பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் உளச் சிகிச்சையே என 2016 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது.

நான் மருந்துக்கு எதிரியல்லன். குறுகிய காலத்துக்கு, தக்க காரணத்தோடு கொடுக்கப்பட்டால் அது பயன்தரும். சொல்லாமற் கொடுப்பதையே எதிர்க்கிறேன்.

"நோயாளர் வரிசை நீளம், விளக்க நேரமில்லை" என்பார்கள். உண்மைதான். ஆனால் 'இத்தனை நாள் மட்டும், தானாக நிறுத்த வேண்டாம்' என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்றே! அந்த மொழி மருந்து உறைக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

"ஊர்ச்சனத்துக்கு விளங்காது" என்பது அடுத்த சாட்டு. நெல்லுக்கு எந்த நாசினியை எத்தனை நாள் இடைவெளியில் அடிப்பதென்று அறிந்த கமக்காரருக்கு, தம் உடலுக்குள் போகும் குளிசை மட்டும் விளங்காதா?

புலம்பெயர்ந்த உறவுகளே, தொலைபேசியில் "மருந்து போட்டீங்களோ?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்ற நான்கையும் வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடமும் அதையே சொன்னேன். குளிசையை எறிந்துவிடாமல் அடுத்த கிளினிக்கில் கேட்குமாறு வற்புறுத்தினேன். உறையை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தபடி அவர் கேட்டார்:

"கேட்டால் பேசுவினமோ, தம்பி?"

தன் மருந்தைப் பற்றிக் கேட்க ஒரு தாய் அஞ்ச வேண்டியிருக்கிறது. முதலில் ஒழிய வேண்டியது அந்த அச்சமே.