ஏரி வாரியம் கண்ட உத்திரமேரூர்... இனி செயற்கைக்கோள் படத்தோடு கிராம சபைக்குப் போகலாமா?

உத்திரமேரூர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குடவோலை. தேர்தல் நேரம் வந்தால் போதும், வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுப் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் வலம்வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை.

அந்தக் குடவோலையில் தேர்வானவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் தெரியுமா? அதில் ஒரு முக்கியமான வேலை, ஏரியைப் பார்த்துக்கொள்வது. 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரிலிருந்து தேர்வாகும் உறுப்பினர்களில் 6 பேர் 'ஏரி வாரியம்'. பதவிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் போட்டியிட முடியாது!

பல்லவர் காலத்திலேயே இந்த ஊருக்கு 'வைரமேக தடாகம்' என்ற பெரிய ஏரி இருந்ததை இங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த ஏரிக்காக ஒரு குழு, குழுவுக்கு விதிமுறை, கணக்கு. இன்றைக்கு நாம் 'நீர்வடிப்பகுதி மேம்பாடு' என்று சொல்வதில் பாதி அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் வானத்திலிருந்து உதவி வந்திருக்கிறது.

நீர்வடிப்பகுதி என்றால்..?

ரொம்ப சிம்பிள். ஓர் இடத்தில் பெய்யும் மழை எந்த ஓடையில் போய்ச் சேருமோ, அந்த ஓடைக்கு வடியும் நிலம் முழுக்க ஒரே நீர்வடிப்பகுதி. அதற்கு பஞ்சாயத்து எல்லை தெரியாது, தாலுகா எல்லை தெரியாது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிகள் சங்கிலிபோல இருக்கும். மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், கீழே இருக்கும் ஊர் எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும் பயன் குறைவுதான்.

பல ஊர்களில் கேட்கும் புலம்பலும் இதுதான். "ஏரியை வெட்டியாச்சு, கரையைப் பலப்படுத்தியாச்சு. தண்ணி மட்டும் வரலை." காரணம் ஏரியில் இருக்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புதர் மண்டிய வரத்துக்கால்வாயிலோ, குழாய் வைக்காமல் போட்ட ரோட்டிலோ இருக்கும். கரையில் நின்று பார்த்தால் இது தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெரியும்.

மேலிருந்து என்ன தெரியும்?

தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடும். பச்சை இலை அதைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் செயற்கைக்கோள் படத்தில் நீர் கறுப்பாகவும், பயிர் செக்கச்செவேலென்றும் தெரியும். ஒரே ஏரியின் ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எவ்வளவு பரப்பு வற்றியது என்று கணக்கிடலாம். பத்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால், எந்த ஏரிக்கு நல்ல மழை வருடத்திலும் தண்ணீர் வரவில்லை என்பது பளிச்சென்று தெரியும். முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தியா தன் முதல் முழுமையான செயல்பாட்டுத் தொலையுணர்வு செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ-வை 1988-ல் அனுப்பியது. 2005-ல் போன கார்டோசாட்-1, நிலத்தின் மேடு பள்ளத்தையே அளந்தது. 2009-ல் இஸ்ரோ 'புவன்' இணையதளத்தைத் திறந்தது. நீர்வடிப்பகுதிப் பணிகளைக் கண்காணிக்க அதே புவனில் 2015-ல் வந்தவை 'சிருஷ்டி', 'த்ருஷ்டி'. முதலாவது இணைய வரைபடம். இரண்டாவது, களத்தில் கட்டிய தடுப்பணையைப் போட்டோ எடுத்து, இருக்கும் இடத்தோடு பதிவேற்றும் மொபைல் ஆப். (பூசணிக்காய் உடைக்கும் திருஷ்டி இல்லைங்க, பார்வை என்ற அர்த்தத்தில் வைத்த பெயர்!) 2021-ல் 100 நாள் வேலைத்திட்டப் பணிகளை ஊராட்சி அளவில் வரைபடத்திலேயே திட்டமிட 'யுக்ததாரா' வந்தது.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு முன்னோடி உண்டு. கர்நாடகத்தில் உலக வங்கி உதவியோடு கோலார், தும்கூர் உள்ளிட்ட 5 மாவட்டங்களில் நடந்த 'சுஜலா' திட்டத்தில், பணி தொடங்கும் முன்பும் பின்பும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டே பலனை அளந்தார்கள். வேலை முடிந்ததா என்பதோடு நிற்காமல், நிலம் மாறியதா என்றும் கேட்டார்கள்.

வரைபடம் சொல்லாதவை

இங்கேதான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 22 சென்ட். மூன்று மீட்டர் அகல வரத்துக்கால்வாய் அதற்குள் காணாமல்போய்விடும்.

அடுத்து, மேகம். நம் ஊருக்கு மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏரி நிரம்பும் அதே நாள்களில் சாதாரணக் கேமராவுக்குத் தெரிவது வெள்ளை மேகம் மட்டுமே. அதற்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் அந்த வகைதான்.

இன்னொன்று, பச்சை. ஏரியை மூடிய ஆகாயத்தாமரையும் பச்சை, சீமைக் கருவேலமும் பச்சை, நெல்லும் பச்சை. கணினி குழம்பும். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர் குழம்ப மாட்டார்.

உத்திரமேரூர் போன்ற சமவெளியில் மேடு பள்ள வித்தியாசம் மிகக் குறைவு. இலவச உயர வரைபடங்களில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். அரை மீட்டர் சரிவில் ஓடும் தண்ணீருக்கு அது போதாது. மட்டம் பார்க்கும் கருவியோடு ஆள் இறங்கி நடந்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மனிதர்கள். மேலிருந்து பார்த்தால் ஏரிப் புறம்போக்கில் இருக்கும் ஓர் ஓலைக்குடிசையும், பெரிய சுற்றுச்சுவர் கட்டி வளைத்த இடமும் ஒரே மாதிரிப் புள்ளிகள்தான். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழகத்தில் 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், வரைபடம் ஓர் அலுவலகத்தின் கணினியில் மட்டும் இருந்தால், யார் மீது முதலில் நடவடிக்கை பாயும்? கேள்வி கேட்கத் தெரியாதவர் மீதுதான். அதனால்தான் படம் ஊர் முன்னால் விரிக்கப்பட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

* கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய படங்களைக் காட்டும் வசதியில் உங்கள் ஊர் ஏரியை வருடம் வருடமாகப் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

* தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். எந்த சர்வே எண் வாய்க்கால், எது ஓடை என்று அதில் இருக்கும்.

* இரண்டையும் எடுத்துக்கொண்டு தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்காருங்கள். "இந்த இடத்துல ஒரு மதகு இருந்துச்சே" என்பார்கள். அந்தத் தகவல் எந்தச் செயற்கைக்கோளிலும் கிடையாது.

* பிறகு அதை கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். இதைவிடப் பொருத்தமான நாள் வேறு கிடைக்காது.

அன்றைய ஏரி வாரியத்தில் உட்காரக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும். நிலமில்லாத கூலிக்காரருக்கு அங்கே இடமில்லை. இன்றைய கிராம சபைக்கு 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும்.

அன்று கல்லில் வெட்டி ஊருக்கு நடுவே வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று. இன்று நம் ஏரியின் படம் பாக்கெட்டில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க மக்களே!