அடைக்கலம் வந்த இளம் உள்ளம்

சில நாட்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் எம்மை அணுகினார். பெற்றோரை இழந்து, உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த 14 வயதுச் சிறுவனைத் தம் இல்லத்தில் ஏற்று ஆறு திங்கள் ஆயின என்றார். "உணவுக்குக் குறையில்லை, ஆயினும் ரொட்டியை எடுத்துத் தலையணைக்கடியில் ஒளிக்கிறான். ஒரு சொல் சொன்னால் சீறுகிறான். பருவமும் அடைந்துவிட்டான், இனி அவன் யதீம் அல்லனே! திருப்பி அனுப்பிவிடலாமா?" என வினவினார்.

பருவம் எய்திய பின் யதீம் என்னும் நிலை இல்லை என்பது மார்க்கச் சட்டமே. ஆயின் திருமறையின் 4ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம், அநாதைகள் மணப்பருவம் எய்தினாலும், அவர்களிடம் அறிவுப் பக்குவத்தைக் கண்ட பின்னரே அவர்தம் பொருளை ஒப்படைக்கப் பணிக்கிறது. உடல் முதிர்வதும் உள்ளம் முதிர்வதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். சினத்தை அடக்கி, ஆய்ந்து முடிவெடுக்கத் துணைபுரியும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்றே இன்றைய மருத்துவமும் கூறுகிறது.

ரொட்டியை ஒளித்தது திருட்டா? பசித்துக் கிடந்த நாட்களை உடல் எளிதில் மறப்பதில்லை. அச்சத்தில் வளர்ந்த பிள்ளையின் மூளை, ஆபத்து நீங்கிய பின்னும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். ஓங்கிய குரல் பழைய துன்பத்தை நினைவூட்ட, அவன் சீறுகிறான், அல்லது ஊமையாகிவிடுகிறான். இவனுக்கு என்ன கேடு என்று சினப்பதை விடுத்து, இவனுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதே வளர்ப்போரின் முதற்கடமை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தார்கள். 6 வயதில் அன்னையையும், 8 வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். பின்னர் பெரிய தந்தை அபூதாலிப் வளர்த்தார். அவர் சிரியாவுக்கு வணிகப் பயணம் புறப்பட்டபோது சிறுவராயிருந்த நாயகம் அவரைப் பற்றிக்கொண்டார்கள் என்றும், அவரும் மனமிளகி உடன் அழைத்தே சென்றார் என்றும் ஸீரா நூல்கள் உரைக்கின்றன. பிரிவின் அச்சத்தைப் பிடிவாதமென்று அவர் கடியவில்லை.

அந்த நாயகத்திடம் 10 வயதளவில் பணிவிடைக்கு வந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். பத்தாண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் பெருமானார் தம்மைச் சலித்துக் கடிந்ததில்லை என்று அவரே சான்று பகர்ந்திருக்கிறார். வளரிளம் பருவத்தினரை நடத்தும் முறைக்கு இதனினும் சிறந்த பாடம் ஏது?

ஆகவே, அத்தகைய பிள்ளைக்கு எந்நேரமும் எடுத்துண்ணக் கொஞ்சம் உணவு அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உண்ணல், உறங்கல், தொழுகை யாவும் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நிகழட்டும். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுங்கள். கடந்த காலத்தைக் கிளறாதீர்கள். அவனாகச் சொல்லும்போது செவிசாயுங்கள். தவறுக்குத் திருத்தம் வேண்டும், அடி வேண்டாம். பெருநாள் அன்று அவன் வாடியிருந்தால், இழந்த பெற்றோரை நினைக்கிறான் என்று உணருங்கள். எக்காரணத்தாலும் 'அனுப்பிவிடுவேன்' என்று மட்டும் மிரட்டாதீர்கள். அவன் அஞ்சுவது அதனையே.

நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளிக்கிறது. அது தத்தெடுப்பன்று, பிள்ளையின் பிறப்பு வழி மாறுவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்கப் பணிக்கும் திருமறையின் 33ஆம் அத்தியாயத்திற்கும் இது முரணன்று. வளர்ப்போர் தளரும்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் மனநல மருத்துவரையும் நாடுவது இழிவாகாது. ஜமாஅத்தும் துணைநிற்க வேண்டும்.

அப்பெரியவரிடம் யாம் கூறியது ஒன்றே: "அவன் உங்களைச் சோதிக்கவில்லை, இந்த வீடாவது நிலைக்குமா என்று சோதிக்கிறான்." அவர் கண் கலங்கி வீடு திரும்பினார்.

அடைக்கலம் தேடி வந்த உள்ளங்களை நோகடிக்காத நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.